திரை இருண்டால் திகைக்க வேண்டா



பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டுப் போந்து, தில்லியிலும் மும்பையிலும், கொல்கத்தாவிலும் ஐதராபாத்திலும் பெங்களூரிலும் குடியமர்ந்து வாழும் நம்மவர் இல்லங்களில் இன்று ஒரு மூலையில் ஒரு மேசையும், அதன்மேல் ஒரு கணினியும் இருப்பதைக் காண்கிறோம். ஊரில் இருப்பவர்களுக்குப் பழைய நிழற்படங்கள் சுவரில் தொங்கும். பத்திரமும் பட்டாவும் இரும்புப் பெட்டியில் இருக்கும். பாட்டியின் குரலை வேண்டும்போது நேரிலேயே கேட்கலாம். நமக்கோ அவை யாவும் அந்தக் கணினிக்குள்தான் இருக்கின்றன. குழந்தையின் தேர்வு விண்ணப்பம், வீட்டு வாடகை ஒப்பந்தத்தின் நகல், தங்கையின் திருமணப் படங்கள் ஆகிய எல்லாம் அதிலே அடக்கம்.

அத்தகைய கணினி ஒருநாள் மாலை பட்டனை அழுத்தியும் விழிக்காமற்போனால் என்ன செய்வது? விளக்கு எரிகிறது, உள்ளே விசிறி சுழலும் ஓசையும் கேட்கிறது, திரை மட்டும் கரும்பலகைபோல் இருக்கிறது. இதைப் பற்றியே இன்று சிறிது நேரம் பேச எடுத்துக்கொண்டோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவது முறையாகும். நாம் பொறியியல் பயின்றவர் அல்லர். கலைக் கல்லூரியில் பட்டம் பெற்று, மத்திய அரசின் அலுவலகமொன்றில் கோப்புகளை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்த்து எழுதும் பணியில் இருபதாண்டுகளைக் கழித்தவர். ஆகவே நாம் சொல்லப்போவது வல்லுநரின் விரிவுரை அன்று; பட்டறிந்த ஒருவரின் வாக்குமூலம் என்று கொள்க.

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன் எமது வீட்டிற்கு வெள்ளையடித்தார்கள். மேசையை நகர்த்திக் கணினியைத் தூக்கிக் கட்டிலின் கீழ் வைத்திருந்து, நான்கு நாள் கழித்து மீண்டும் எடுத்து மேசையருகே வைத்தோம். கம்பிகளையெல்லாம் பூட்டிப் பட்டனை அழுத்தினால் மேலே சொன்ன கதைதான். எத்தனை முறை அணைத்து ஏற்றினாலும் அதே இருள்.

அந்தக் கணினிக்குள் எம் அன்னையாரின் சொற்கள் இருந்தன. அவர் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்தவர். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசும்போது அவர் வாயிலிருந்து இயல்பாக வரும் ஊர்ச் சொற்களைக் குறித்து வைப்பது எமது வழக்கம். நெல் ஒன்றைச் சுற்றியே பதர், கருக்காய், உமி, தவிடு, நொய், குருணை, கூளம், பொலி என்று அவரிடம் சொற்கள் நிறைந்திருந்தன. அகராதியில் தேடி அலுத்த சொல்லுக்கு அவரிடம் ஒரு கேள்வி கேட்டால் விடை கிடைத்துவிடும். பத்தாண்டுகளுக்கு மேல் இவ்வாறு சேர்த்த பட்டியல் 1,200 சொற்களை எட்டியிருந்தது. அன்னையார் மறைந்து அப்போது எட்டுத் திங்கள் ஆகியிருந்தன. அந்தப் பட்டியலுக்கு வேறெங்கும் நகல் இல்லை. அஃது எமது சோம்பலன்றி வேறு யார் குற்றமும் அன்று.

தொலைபேசியில் அழைத்த சிறிது நேரத்தில் பழுது பார்ப்பவர் ஒருவர் வந்தார். பட்டனை ஒரே முறை அழுத்திப் பார்த்தார். "விண்டோஸ் கெட்டுவிட்டது. ஃபார்மட் செய்ய வேண்டும். 2,500 ரூபாய்" என்று இந்தியில் சொன்னார்.

"உள்ளே இருப்பவை?" என்று கேட்டோம்.

"அவை போய்விடும்" என்றார்.

ஃபார்மட் செய்வதாவது, கணினியின் சேமிப்புத் தட்டை வெறுமையாக்கி, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றுவது. எழுதி நிறைந்த சிலேட்டைத் துடைப்பது போன்றது அது. இருபதாண்டு இந்தியில் எழுதிப் பேசிப் பழகிய நமக்கு, அந்த நிமிடத்தில் அவரை எதிர்த்துக் கேட்க ஒரு சொல் எழவில்லை. மொழி தெரியாமையால் அன்று, பொருள் தெரியாமையால். பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் பலர் கடைக்காரர் முன்னே வாயடைத்து நிற்பதற்கு மொழிதான் காரணம் என்று எண்ணியிருந்தோம். மொழி கைவந்தும் நாம் அன்று வாயடைத்துத்தான் நின்றோம். "நாளை வாருங்கள்" என்று மட்டும் சொல்லி அவரை அனுப்பினோம்.

எமது குடியிருப்பின் கீழ்த்தளத்தில் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். தொலைபேசித் துறையில் கருவிகளைச் செப்பனிட்டு ஓய்வு பெற்றவர். அங்குள்ள தமிழர் அனைவருக்கும் அவர் அண்ணாச்சி. அன்றிரவு அவரிடம் சென்று நடந்ததைச் சொன்னோம். அவர் கேட்டது ஒரே கேள்வி:

"தம்பி, பட்டனை அமுக்கினதும் கம்பெனிப் பேர் திரையில் வந்ததா, வரவில்லையா?"

"ஒன்றுமே வரவில்லை, அண்ணாச்சி."

"அப்படியானால் விண்டோஸ் மேல் என்ன குற்றம்? அஃது இன்னும் எழுந்திருக்கவே இல்லையே!"

அன்பர்களே, இந்த ஒரு கேள்வியிலேதான் எல்லாம் அடங்கியிருக்கிறது. சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் உறவினர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வண்டி வந்து சேரவில்லை. நாம் என்ன கேட்கிறோம்? விசயவாடா தாண்டியதா, நாகபுரி தாண்டியதா, போபால் தாண்டியதா என்றல்லவா கேட்கிறோம்? நாகபுரிக்கே வராத வண்டிக்காகப் போபால் நிலையத்தாரைக் கடிந்துகொள்வார் உண்டோ? கணினியும் அவ்வாறே ஒவ்வொரு நிலையமாகக் கடந்துதான் நம்மிடம் வந்து சேருகிறது. முதல் நிலையம் மின்சாரமும் திரையும். இரண்டாவது, கணினி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் நிலையம். மூன்றாவது, விண்டோஸ் எழும் நிலையம். நான்காவது, நாம் உட்புகுந்து வேலை தொடங்கும் நிலையம். எந்த நிலையத்தில் இருள் சூழ்ந்தது என்று அறிந்துவிட்டால், எதைத் தொடவேண்டும், எதைத் தொடவே வேண்டா என்பது தானே விளங்கும்.

முதல் நிலையத்தைப் பார்ப்போம். சுவரிலுள்ள ஸ்விட்சு, யு.பி.எஸ்., கணினிப் பெட்டியின் பின்புறத்திலுள்ள சிறு ஸ்விட்சு ஆகிய மூன்றும் போடப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். பெட்டியில் விளக்கும் இல்லை, விசிறியும் சுழலவில்லை என்றால் குறை மின்வழியிலோ, மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். என்னும் பெட்டியிலோ இருக்கக்கூடும். அந்தப் பெட்டியை மட்டும் யாரும் வீட்டில் பிரிக்கக் கூடாது. வீட்டிற்கு வரும் 230 வோல்ட் மின்சாரம் நேரே அதனுள்தான் நுழைகிறது. இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதிலுள்ள மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும். பழுதானால் முழுதாக மாற்றுவதே முறை.

பெட்டி உயிரோடிருந்து திரை மட்டும் இருண்டிருந்தால், திரையின் விளக்கைக் கவனியுங்கள். விளக்கே இல்லையெனில் திரைக்கு மின்சாரம் செல்லவில்லை. விளக்கு எரிந்து, 'நோ சிக்னல்' என்ற எழுத்துகள் தோன்றி மறைந்தால் திரை நலமாக இருக்கிறது. கணினியிடமிருந்து செய்திதான் அதற்கு வரவில்லை. உடனே இரு முனைகளிலும் கம்பியைக் கழற்றி அழுந்தச் செருகிப் பாருங்கள். திரைக்குப் பின்னால் இரண்டு மூன்று துளைகள் இருக்கும். கம்பி ஒரு துளையில் இருக்க, திரை மற்றொரு துளையை எதிர்நோக்கியிருப்பதும் உண்டு. திரையின் ஓரத்திலுள்ள பட்டன்களால் அதைத் திருத்தலாம்.

இங்கே பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. படக்காட்சிக்கெனத் தனியே கிராபிக்ஸ் கார்டு பொருத்திய கணினிகளில் பின்புறம் இரண்டு இடங்களில் திரைக் கம்பிக்குரிய துளை இருக்கும். மேலே மற்றத் துளைகளோடு இருப்பது தாய்ப்பலகையைச் சேர்ந்தது. கீழே தனியாகப் படுக்கைவாட்டில் இருப்பது கிராபிக்ஸ் கார்டைச் சேர்ந்தது. கார்டு உள்ள கணினியில் கம்பி கீழேயுள்ளதில்தான் இருக்க வேண்டும். மேலே செருகினால் பெரும்பாலும் திரை இருண்டே கிடக்கும். வெள்ளையடித்த வீடுகளிலும் வீடு மாறிய இல்லங்களிலும் இப்பிழை அடிக்கடி நேர்வதாக அண்ணாச்சி சொன்னார். எமது கணினியில் தனிக் கார்டு இல்லை. கம்பியும் சரியாகவே இருந்தது. ஆகவே இரண்டாம் நிலையத்துக்குச் சென்றோம்.

பட்டனை அழுத்தியவுடன், விண்டோஸ் எழுவதற்கு முன்பே, கணினி தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்கிறது. செயலி இருக்கிறதா, நினைவகம் விடையளிக்கிறதா, படம் காட்டும் உறுப்பு இயங்குகிறதா என்று பார்த்த பின்னரே உற்பத்தியாளர் பெயர் திரையில் தோன்றும். குறை கண்டால் சில கணினிகள் பீப் பீப் என்று ஒலியெழுப்பும். எத்தனை முறை ஒலித்தால் என்ன பொருள் என்பது உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் வேறுபடும். கணினியோடு வந்த கையேட்டில் அது குறித்திருக்கும். ஒலிக்கும் உறுப்பு இல்லாத புதிய பலகைகள் பலவற்றில் சி.பி.யூ., டிராம், வி.ஜி.ஏ., பூட் எனப் பெயரிட்ட நான்கு சிறு விளக்குகள் இருக்கும். எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அந்த உறுப்பைச் சோதிக்க வேண்டும் என்பது குறிப்பு.

இவை ஒன்றும் இல்லையெனில் எளிய சோதனை ஒன்று: விசைப்பலகையில் 'கேப்ஸ் லாக்' விசையை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி விழித்திருக்கிறது, திரையே காட்டவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். விளக்கு அசையாமலிருந்தால் சோதனை நிலையத்திலேயே வண்டி நின்றுவிட்டது என்று ஐயுறலாம். எமது கணினியில் அவ்விளக்கு அசையவில்லை.

அண்ணாச்சி மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கச் சொன்னார். பிடுங்கிய பின் கணினியின் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். உள்ளே மிஞ்சிய மின்சாரம் வடிந்துபோவதற்காக அவ்வாறு செய்வது. சில கணினிகள் இவ்வளவிலேயே திருந்திவிடும். எமது கணினி திருந்தவில்லை. பிறகு பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினோம்.

தொடுவதற்கு முன் பெட்டியின் இரும்புச் சட்டத்தை ஒரு முறை கையால் தொடச் சொன்னார். தில்லிக் குளிரில் காற்று வறண்டிருக்கும். கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது படபடவென்று பொறி பறப்பதை அங்கு வாழ்வோர் அறிவர். அந்தப் பொறி நம் விரலுக்குச் சிறு சுரீர். மென்மையான மின்னுறுப்புகளுக்கோ அதுவே எமனாகலாம். இரும்பைத் தொட்டால் அது நம்மை விட்டு நீங்கும். மும்பை போன்ற கடற்கரை நகரங்களில் வாழ்வோருக்குத் தொல்லை வேறு வகையினது; அங்கு ஈரமும் உப்புக் காற்றும் உலோக முனைகளில் களிம்பேறச் செய்யும்.

தாய்ப்பலகையில் நீண்ட சீப்புப் போல் செங்குத்தாக நிற்பதே ரேம் எனப்படும் நினைவகம். அதன் முனையிலுள்ள கொக்கியை விலக்கினால் மேலெழும்பும். விளிம்பைப் பிடித்து எடுக்க வேண்டும். பொன்னிறப் பற்களை விரலால் தொடலாகாது. எமது கணினியில் அவை இரண்டு இருந்தன. ஒன்று கொக்கியில் முழுமையாக அமராமல் சற்றே சாய்ந்திருந்ததை அண்ணாச்சி கைவிளக்கின் ஒளியில் காட்டினார். கணினியைத் தூக்கிக் கட்டிலடியில் தள்ளியபோது அசைந்திருக்கும். அதன் பற்களில் தூசியும் படிந்திருந்தது. உலர்ந்த மெல்லிய துணியால் பற்களை மெதுவாகத் துடைத்தோம். துளைக்குள் படிந்த தூசியைத் தூரிகையால் தட்டினோம். வாயால் ஊதக் கூடாதாம். எச்சில் ஈரம் படியும். பிறகு ஒன்றை மட்டும் துளையில் வைத்து இரு முனையும் 'கிளிக்' என்று ஒலிக்கும்வரை அழுத்தினோம். ஒவ்வொன்றாகப் பொருத்திச் சோதித்தால், இரண்டில் ஒன்று பழுதாயிருப்பினும் எது என்று தெரிந்துவிடும்.

மின்கம்பியைச் செருகிப் பட்டனை அழுத்தினோம். சில நொடிகள் இருள். பிறகு உற்பத்தியாளர் பெயர் வெண்ணிறத்தில் எழுந்தது. மனைவியார் அடுக்களையிலிருந்து ஓடி வந்தார். செலவு ஒரு பைசாவும் இல்லை.

ரேமைச் சரிசெய்த பின்னும் இருள் நீங்காதவர்கள் இரண்டு செய்திகளை நினைவில் வைக்கலாம். புதுவகை நினைவகம் உள்ள சில கணினிகள், ரேமைக் கழற்றிப் பொருத்திய பின் முதல் முறை சில நிமிடங்கள் இருண்டேயிருந்து பிறகுதான் விழிக்கும், பொறுத்திருக்க வேண்டும். மற்றொன்று, தாய்ப்பலகையில் காசு வடிவில் ஒரு சிறு மின்கலம் இருக்கும். பெரும்பாலும் சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட் வகை. மின்னிணைப்பைப் பிடுங்கிய பின் அதை எடுத்து ஐந்து நிமிடம் கழித்து வைத்தால், தாறுமாறான அமைப்புகள் நீங்கிப் பழைய நிலைக்கு மீளும். ஒவ்வொரு முறையும் நாளும் மணியும் பிழையாகக் காட்டும் கணினியில் அந்த மின்கலம் தீர்ந்திருக்கிறது என்று அறிக.

இனி மூன்றாம் நிலையம். உற்பத்தியாளர் பெயர் தோன்றுகிறது, அதன்பின் இருள். இப்போது மின்சாரம், கம்பி, நினைவகம் ஆகியவற்றின்மேல் ஐயம் குறைந்து, விண்டோஸின்மேலும் படம் காட்டும் உறுப்பை இயக்கும் டிரைவர் என்னும் நிரலின்மேலும் ஐயம் மிகுகிறது. விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. அதையொட்டிப் பழைய கணினியில் விண்டோஸ் 11 ஏற்றிக்கொண்டவர்கள் உண்டு. அத்தகைய மாற்றத்துக்குப் பின்னும், புதுப்பித்தலுக்குப் பின்னும் டிரைவர் பொருந்தாமல் திரை இருள்வது உண்டு.

முதலில் சற்றுப் பொறுங்கள். பெட்டியின் சேமிப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் உள்ளே புதுப்பிக்கும் வேலை நடக்கலாம். இடையில் அணைப்பது தீங்கு. நெடுநேரம் கழிந்தும் பயனில்லையெனில், விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி என்னும் நான்கு விசைகளையும் ஒருங்கே அழுத்துங்கள். படம் காட்டும் டிரைவர் மீண்டும் தொடங்கும். ஒரு சிறு ஒலியும் கேட்கும். அதற்கும் மசியாவிடில், விண்டோஸ் எழத் தொடங்கும்போது பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். இரண்டு மூன்று முறை இவ்வாறு செய்தால், விண்டோஸ் தானே பழுதுநீக்கும் பக்கத்தைக் காட்டும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று வரிசையாகச் சென்று, பின் 4 என்னும் எண்ணை அழுத்தினால் 'சேஃப் மோட்' என்னும் எளிய நிலையில் கணினி திறக்கும். அங்கே அண்மையில் ஏற்றிய டிரைவரை நீக்கலாம். அதே பக்கத்தில் கடைசியாக வந்த புதுப்பித்தலை நீக்கும் வழியும் உண்டு.

நான்காம் நிலையம் எளிது. கடவுச்சொல் கேட்டு உள்ளே விட்ட பிறகு இருள். அம்புக்குறி மட்டும் அசைகிறது. கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் விசைகளை அழுத்தி, 'டாஸ்க் மேனேஜர்' என்பதைத் திறந்து, புதிய பணி தொடங்கும் இடத்தில் எக்ஸ்புளோரர் டாட் இ.எக்ஸ்.இ. என்று ஆங்கிலத்தில் எழுதினால் பல வேளைகளில் வழக்கமான திரை வந்துவிடும். விண்டோஸ் விசையோடு பி விசையை அழுத்தினால், இல்லாத இரண்டாம் திரைக்குப் படத்தை அனுப்பிக்கொண்டிருக்கும் கணினியும் மீளும்.

அன்பர்களே, இவ்வளவும் செய்து பார்த்தும் விடியாத இருளும் உண்டு. தாய்ப்பலகையே பழுதானால் கடைக்குத்தான் செல்ல வேண்டும். அப்போதும் ஓர் உண்மையைப் பற்றிக்கொள்ளுங்கள்: திரை வேறு, சேமிப்பு வேறு. திரை இருண்டது என்பதனால் உள்ளே இருப்பவை அழிந்தன என்று பொருள் அன்று. சேமிப்புத் தட்டைக் கழற்றி, அதற்கேற்ற இணைப்பியின் துணையால் வேறொரு கணினியில் செருகினால், தட்டு நலமாயிருக்கும்வரை கோப்புகளை எடுத்துவிடலாம். லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவைக் கொண்டு அதே கணினியை எழுப்பி நகலெடுக்கும் வழியும் உண்டு. பிட்லாக்கர் என்னும் பூட்டு இடப்பட்ட கணினியாயின், 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண் வேண்டும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணினி நலமாயிருக்கும்போதே தேடி எழுதி வையுங்கள். இந்த வழிகளெல்லாம் அடைபட்ட பின்னரே ஃபார்மட் என்னும் பேச்சுக்கு இடம் உண்டு.

தில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லேமிங்டன் சாலை, பெங்களூரில் எஸ்.பி. சாலை, கொல்கத்தாவில் சாந்தினி சௌக், செகந்திராபாத்தில் சேனாய் டிரேட் சென்டர் என்று கணினிப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற இடங்கள் அந்தந்த நகரங்களில் இருக்கின்றன. அங்கே செல்லும்போது கையில் ஒரு சிறு சீட்டு எழுதிச் செல்லுங்கள்: விசிறி சுழன்றதா, திரையில் பெயர் வந்ததா, எந்த இடத்தில் இருண்டது, கடைசியாக என்ன மாற்றினோம். இந்த நான்கும் சொன்னவரைக் கடைக்காரர் மதித்துப் பேசுவார்.

மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் ஒரு சிறு உதவியும் செய்கிறோம். "ஃபார்மட் செய்யாதீர்கள்" என்பதை இந்தியில் "ஃபார்மட் மத் கீஜியே" என்க. மராத்தியில் "ஃபார்மட் கரூ நகா". கன்னடத்தில் "ஃபார்மட் மாடபேடி". தெலுங்கில் "ஃபார்மட் சேயகண்டி". வங்காளியில் "ஃபார்மட் கோர்பேன் நா". சொல் சிறிது, ஆனால் பல ஆண்டுச் சேமிப்பைக் காக்கும் சொல் அது.

மறுநாள் பழுது பார்ப்பவர் வந்தார். நடந்ததைச் சொல்லி, வந்துபோன கூலியாக 200 ரூபாய் கொடுத்தோம். அவர் பொய் சொன்னார் என்று நாம் கருதவில்லை. பல வீடுகளில் ஒரே மருந்தைக் கொடுத்துப் பலன் கண்டவர், எமக்கும் அதையே சொன்னார். நோயாளி தன் நோயைச் சொல்லத் தெரியாமல் நின்றால் வைத்தியர் என்ன செய்வார்?

திரை ஒளிர்ந்த அந்த இரவே, உறங்குமுன், அன்னையாரின் சொற்பட்டியலைத் திறந்தோம். கடைசியாக எழுதியிருந்த சொல் 'சாவி'. அதைக் குறித்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. "இந்த வருசம் பாதி வயல் சாவியாப் போச்சு" என்று அவர் சொல்ல, நாம் திறவுகோலை எண்ணிக்கொண்டு பொருள் புரியாமல் விழித்தோம். கதிர் விட்டும் மணி பிடிக்காமற்போன நெல் என்று அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். அந்தச் சிரிப்பைக் கணினியில் பதிந்து வைக்கவில்லை. சொல்லாவது தங்கியது.

அப்பட்டியலுக்கு இன்று மூன்று நகல்கள் உண்டு. ஒன்று எமது மேசை அறையிலுள்ள பென் டிரைவில். ஒன்று இணையச் சேமிப்பில். ஒன்று தாளில் அச்சிட்டுக் கும்பகோணத்திலுள்ள தங்கையின் வீட்டில். தாளில் இருப்பதைத் தங்கை அவ்வப்போது எடுத்துப் படித்து, விடுபட்ட சொல் ஏதேனும் நினைவுக்கு வந்தால் தொலைபேசியில் சொல்கிறார். பட்டியல் இப்போது 1,200-ஐத் தாண்டி வளர்கிறது.

அன்பர்களே, இப்பேச்சு முடிந்ததும் உங்கள் கணினியில் வேறெங்கும் இல்லாத பொருள் எது என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். திரை ஒளிர்ந்துகொண்டிருக்கும் இன்றைக்கே அதற்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். பின்னர் ஒருநாள் திரை இருண்டால், திகைக்க வேண்டா. எந்த நிலையத்தில் வண்டி நின்றது என்று கேளுங்கள்.